மறு: பாக்தாத் ரயில்வே கட்டுரை – ‘கன்செஷன்’ என்றால் சலுகையா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். நாம் எழுதிவரும் பாக்தாத் ரயில்வே கட்டுரையின் வரைவில், ஆங்கில ‘கன்செஷன்’ (ஒரு அரசு ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தம் போட்டுத் தரும் தொழில் உரிமை) என்பதற்குச் ‘சலுகை’ என்று போட்டிருக்கிறோம். ஆட்டோமான் அரசு, அதாவது அன்றைய துருக்கியப் பேரரசு, பற்றிய இந்த வரியைப் பாருங்கள்:

> 1903-ல் ஆட்டோமான் அரசு ஜெர்மானியருக்குப் பாக்தாத் வரை ரயில் சலுகை வழங்கியது.

வரைவின் இரண்டாம் பத்தியில் இருக்கும் இந்த வரியைத் தயவுசெய்து இப்படியே விட வேண்டாம். ரயில் சலுகை என்றால் நம் ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்கும் நோயாளிகளுக்கும் டிக்கெட்டில் கழித்துக்கொடுப்பதுதான் யாருக்கும் முதலில் நினைவுக்கு வரும். அந்தக் குழப்பத்தைக்கூட ஒரு விளக்கக் குறிப்புப் போட்டுச் சமாளித்துவிடலாம். சலுகை என்றதும், பெரியவர் ஒருவர் இரக்கப்பட்டுச் சின்னவருக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார் என்ற எண்ணம் வந்துவிடுகிறதே, அதுதான் எனக்குப் பெரிய சிக்கல். இங்கே நடந்தது அதற்கு நேர் எதிர்.

1903 மார்ச் 5 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்று முதலில் பார்ப்போம், சொல்லை அப்புறம் தேடலாம். இன்றைய துருக்கியிலுள்ள கோன்யாவில் தொடங்கி அதனா, மோசுல், பாக்தாத் வழியாக இன்றைய ஈராக்கிலுள்ள பஸ்ரா வரை தண்டவாளம் போட்டு 99 ஆண்டுகள் ரயில் ஓட்டும் உரிமை ஜெர்மானியரின் ரயில் கம்பெனிக்கு. பாதை போகும் அரசு நிலம் இலவசம். பாதையின் இருபுறமும் 20 கிலோமீட்டர் வரை கிடைக்கும் கனிமங்களைத் தோண்டிக்கொள்ளலாம். வேலை நடக்கும் காலத்தில் சாமான் ஏற்றிவர டைகிரிஸ், யூப்ரடீஸ், அவை இரண்டும் கலந்து கடலுக்கு ஓடும் ஷத் அல் அராப் ஆகிய மூன்று ஆறுகளிலும் சொந்தக் கலங்களை விட்டுக்கொள்ளலாம். இவ்வளவும் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 2,75,000 பிராங்க் முகமதிப்புள்ள கடன்பத்திரத்தையும் அரசே கம்பெனி கையில் தருகிறது, ரயில் ஓடத் தொடங்கியபின் கிலோமீட்டருக்கு ஆண்டு வருமானம் 4,500 பிராங்க்குக்குக் கீழே போனால் அந்தக் குறைவையும் அரசே ஈடுகட்டுகிறது. வருமானம் 4,500-ஐத் தாண்டினால் 10,000 வரையிலான மிச்சம் அரசுக்கு, அதற்கும் மேலே போனால் அரசுக்கு 60 பங்கு, கம்பெனிக்கு 40.

முதல் கட்டக் கடன்பத்திரத்துக்கு ஈடாக எதை வைத்தார்கள் தெரியுமா? கோன்யா, அலெப்போ, உர்ஃபா பகுதி விவசாயிகளின் விளைச்சலில் அரசு எடுக்கும் பத்தில் ஒரு பங்கு வரியை. ஐரோப்பியக் கடன்காரர்களுக்காக 1881-ல் ஏற்படுத்திய பொதுக்கடன் நிர்வாகம்தான் இப்படி ஈடு வைத்த வருவாய்களை மேற்பார்த்தது. முதல் 200 கிலோமீட்டர், அதாவது கோன்யாவிலிருந்து புல்குர்லு வரை, 1904 அக்டோபரில் திறந்தார்கள். அவ்வளவும் சமவெளி, வேலை சுலபம். அடுத்து டாரஸ் மலை; அங்கே போய்ப் பல ஆண்டுகள் அப்படியே நின்றுவிட்டது. ஆனால் கட்டி முடித்த 200 கிலோமீட்டருக்கான கடன்பத்திரம் ஏற்கெனவே கைமாறிவிட்டது, அதற்கு வட்டி கட்டியது அலெப்போ விவசாயியின் கோதுமை. அலெப்போவுக்கு அப்போது அந்த ரயில் வந்து சேரவே இல்லை. இதைச் சலுகை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

> குத்தகை என்றே சொல்லலாமே, எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தஞ்சாவூர் ஐயா சொன்னது. எளிமை எனக்கும் பிடித்திருக்கிறது, வரிக் குத்தகை என்ற சொல்லும் வரலாற்று நூல்களில் ஊன்றிவிட்டது. ஆனால் ஐயா, குத்தகை எடுத்தவர்தானே நிலத்துக்காரருக்கு அளக்க வேண்டும்? இங்கே நிலத்துக்காரர் குத்தகைதாரருக்கு அளக்கிறார். அந்தத் தலைகீழ்தான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி, குத்தகை என்றால் அது மறைந்துபோகும்.

யாழ்ப்பாணத்துச் சகோதரி ‘விட்டுக்கொடுப்பு’ என்றார். அந்தச் சொல்லை நான் கட்டுரையின் பிற்பகுதிக்காகப் பத்திரப்படுத்த விரும்புகிறேன். 1913-லும் 1914-லும் இந்த ரயிலையும் ஆறுகளையும் பற்றி பிரிட்டன் ஆட்டோமான் அரசோடும் ஜெர்மனியோடும் லண்டனில் நடத்திய பேரங்களில் உண்மையாகவே விட்டுக்கொடுப்புகள் இருந்தன. ஆங்கிலத்தில் அதற்கும் ரயில் பத்திரத்துக்கும் ஒரே சொல்தான். இரண்டுக்கும் நாமும் ஒரே சொல்லைப் போட்டால் “கன்செஷன் விஷயத்தில் கன்செஷன் கொடுத்தார்கள்” என்று வாசகரைச் சுற்றிவிட்டதாகிவிடும்.

சலுகை என்ற சொல்லையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. ‘கபிட்டுலேஷன்’ என்று வரைவில் அப்படியே விட்டிருக்கிறோமே, அங்கே பொருந்தும். சுல்தான்கள் பலமாக இருந்த காலத்தில் ஐரோப்பிய வணிகர்களுக்குத் தாமாக மனமுவந்து கொடுத்த சலுகைகள் அவை, பிற்பாடு அரசின் கழுத்தையே பிடித்துவிட்டன. சுங்கவரியை உயர்த்தக்கூட வல்லரசுகளின் சம்மதம் வேண்டும் என்ற நிலை. 1907-ல் 8 சதவீதத்தை 11 ஆக்கியது அப்படிக் கேட்டு வாங்கித்தான். 15 ஆக்க வேண்டும் என்றபோது, உயரும் வரிப்பணம் ஜெர்மன் ரயிலுக்குத்தானே போகும், பாரசீக வளைகுடாப் பக்கத்துத் துண்டைப் பற்றி எங்களோடு பேசி முடித்துவிட்டு வாருங்கள் என்று பிரிட்டன் பிடித்துவைத்தது. ஆகவே ‘சலுகைச் சாசனம்’ கபிட்டுலேஷனுக்கு இருக்கட்டும். 1914 செப்டம்பரில் ஆட்டோமான் அரசு அவற்றை ஒட்டுமொத்தமாக ரத்து செய்தபோது “சலுகைச் சாசனங்களை ரத்து செய்தது” என்று எழுதினால் வாசகருக்குச் சட்டென்று விளங்கும்.

அப்படியானால் கன்செஷனுக்கு என்ன? போன வாரம் இங்கே வந்த ‘அளிப்புரிமை’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாக்களிப்புரிமை என்றால் வாக்கை அளிக்கும் உரிமை, அதே பாட்டையில் படிக்கிறவர் அளிப்புரிமையை எதையோ அளிக்கும் உரிமை என்றுதான் எடுத்துக்கொள்வார். ‘உரிமம்’ லைசென்சுக்கு என்று நிலைத்துவிட்டது. டீக்கடைக்கும் உரிமம், 99 ஆண்டு ரயில்பாதைக்கும் உரிமம் என்றால் கனம் போதாது.

நான் முன்வைப்பது: உரிமைப்பேறு. அரசிடமிருந்து ஒரு கம்பெனி முயன்று பெற்ற, காலவரையறை உள்ள, பத்திரத்தில் எழுதிய உரிமை. யார் பெற்றார் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ரயில் உரிமைப்பேறு, சுரங்க உரிமைப்பேறு, எண்ணெய் உரிமைப்பேறு, உரிமைப்பேற்று ஒப்பந்தம், உரிமைப்பேற்றுக் கம்பெனி என்று எல்லாத் தொடரிலும் உட்காருகிறது. பேறு என்றால் பாக்கியம் என்ற வாசனை வருமே என்று கேட்பீர்கள். வரட்டும், ரயில் கம்பெனிக்குப் பின்னால் இருந்த ஜெர்மன் வங்கியான டாய்ச்ச பாங்க்குக்கு 1888-ல் அனடோலியப் பாதையும் பிறகு பாக்தாத் பாதையும் கிடைத்தது பாக்கியம்தான்.

அடுத்தது ஆறு. வரைவில் நான்கு இடத்தில் ‘கடற்பயண உரிமை’ என்று வருகிறது. பேச்சு நடந்தது ஆற்றைப் பற்றி என்பது ஒருபுறம் இருக்க, இங்கே இரண்டு வெவ்வேறு உரிமைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. கடலிலிருந்து ஷத் அல் அராப் வழியாகப் பஸ்ரா வரை எந்த நாட்டுக் கப்பலும் தடையின்றிப் போய்வருவது ஒன்று. பஸ்ராவுக்கு மேலே டைகிரிசிலும் யூப்ரடீசிலும் ஸ்டீமர் சர்வீஸ் நடத்திச் சரக்கும் ஆளும் ஏற்றிக் கூலி வாங்குவது இன்னொன்று. முன்னதைச் செல்லுரிமை என்றும் பின்னதை நடத்துரிமை என்றும் பிரிக்கலாம். பஸ் நடத்துகிறார், லாரி நடத்துகிறார் என்று நாம் பேசுவதுதானே?

இந்தப் பிரிப்பு இல்லாமல் 1909-ஐ விளக்கவே முடியாது. 1861-ல் தொடங்கிய பிரிட்டிஷ் நிறுவனமான லிஞ்ச் சகோதரர்கள் கம்பெனி டைகிரிசில் ஸ்டீமர் நடத்திவந்தது. அதையும் ஆட்டோமான் அரசின் ஹமீதியே ஸ்டீமர்களையும் ஒரே கம்பெனியாக இணைக்கப் போகிறார்கள் என்றதும் பாக்தாத்தில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது, விவகாரம் இஸ்தான்புல் நாடாளுமன்றம் வரை போய், அந்த ஆண்டு டிசம்பர் கடைசியில் பிரதம அமைச்சர் ஹில்மி பாஷா பதவி விலகினார். ஆற்றில் யார் போகலாம் என்பதற்காக அந்த மக்கள் தெருவுக்கு வரவில்லை. கட்டணத்தை நிர்ணயிக்கும் பிடி ஒரே பிரிட்டிஷ் கைக்குப் போகிறதே என்றுதான் வந்தார்கள்.

1913 டிசம்பரில் அந்த நடத்துரிமை யாருக்குப் போனது என்பதையும் கட்டுரையில் சேர்க்க வேண்டும்: இன்ச்கேப் பிரபுவுக்கு. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் தலைவர். ஆமாம், 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கித் தூத்துக்குடி–கொழும்பு வழியில் எதிர்த்து நின்றாரே, அதே கம்பெனிதான். நம் வாசகருக்கு இந்த ஒரு வரி போதும், டைகிரிஸ் படகுக்கூலி தூரத்துச் சங்கதியாகத் தோன்றாது.

கையெழுத்து விஷயத்திலும் வரைவைத் திருத்த வேண்டும். 1913 ஜூலை 29 அன்று ஆட்டோமான் தரப்பில் ஹக்கி பாஷாவும் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் சர் எட்வர்ட் கிரேயும் கையெழுத்திட்ட ஆங்கில–ஆட்டோமான் உடன்படிக்கை, குவைத் நிலையிலிருந்து எல்லை வரை பலதையும் பேசியது, ஆனால் ஏற்புறுதி, அதாவது அரசுகளின் இறுதி ஒப்புதல், பெறவே இல்லை. 1914 ஜூன் 15 அன்று கிரேயும் ஜெர்மன் தூதர் லிக்னோவ்ஸ்கியும் இட்டது சுருக்கொப்பம் மட்டும், அதாவது முழுக் கையெழுத்து அல்ல, பெயரின் முதலெழுத்துகள்தான். பாதை பஸ்ராவோடு நிற்கும், வளைகுடா வரை நீட்ட பிரிட்டனின் சம்மதம் வேண்டும், ரயில் கம்பெனி நிர்வாகக் குழுவில் இரண்டு பிரிட்டிஷார் இருப்பார்கள், சரக்குக் கட்டணத்தில் நாடு பார்த்துப் பாகுபாடு கூடாது. இதற்கு ஈடாக பிரிட்டன் ரயிலை எதிர்ப்பதை நிறுத்தும். 13 நாளில் சரயேவோ படுகொலை, அதைத் தொடர்ந்து முதல் உலகப் போர். ஆகவே ‘கையெழுத்தானது’ என்று வரைவில் இருப்பதை ‘சுருக்கொப்பமிட்டனர்’ என்று மாற்றியே ஆக வேண்டும், இல்லையென்றால் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் என்று வாசகர் நினைத்துவிடுவார். நவம்பரில் இந்தியாவிலிருந்து போன பிரிட்டிஷ் படை ஷத் அல் அராப் முகத்துவாரத்திலுள்ள ஃபாவில் இறங்கிப் பஸ்ராவைப் பிடித்தபோது, மேசையில் பங்குபோட்ட ஆறு போர்க்களமாகிவிட்டது. அந்தத் தொடர்ச்சியை ஒரு பத்தியில் சொன்னால் போதும்.

அரசு கிலோமீட்டர் கணக்கில் கம்பெனிக்குக் கொடுத்த உறுதியை வரைவில் ‘கிலோமீட்டர் உத்தரவாதம்’ என்கிறோம், அது எனக்குச் சரியாகவே படுகிறது, மாற்ற வேண்டாம். ஆனால் கடன்பத்திரம் ஒன்று, 4,500 பிராங்க் வருமான ஈடு வேறொன்று. வரைவில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் கலந்திருக்கின்றன, அதைப் பிரித்து எழுதித் தருகிறேன். உரிமைப்பேற்றை விட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால், மேலே இருக்கும் 1903 வரியில் போட்டுப் பார்த்து முழு வாக்கியமாக அனுப்புங்கள். வரைபடம் போடும் தம்பி புல்குர்லுவையும் மறக்காமல் குறிக்க வேண்டும்.