குளங்கள் விக்கியை ஹாஸ்கெலில் திருப்பி எழுதலாமா?

பாலைப்பழம்:
கிளிநொச்சி, முல்லைத்தீவுக் குளங்களின் விபரங்களை எழுதி வைக்கிற எங்கள் விக்கி, பேர்ல் மொழியில் ஒரே பைலாக இருக்கிறது. அதை எழுதியவர் வெளிநாடு போய்க் கனகாலம். ஹாஸ்கெலில் முழுதாகத் திருப்பி எழுதலாமா என்று கேட்கிறேன்.

2018 டிசம்பர் வெள்ளத்தன்று இரவு நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு பேர் ஒரே பக்கத்தைத் திறந்து எழுதினார்கள். பிந்திச் சேமித்தவருடையது நின்றது. முந்தியவர் எழுதிய வான் மட்டம் (குளம் நிரம்பி வழிகிற இடத்தின் நீர்மட்டம்) சுவடில்லாமல் போனது. அதோடு, பழைய பதிப்புகளைக் குறிப்பிட்ட நாட்களின் பின் நிரல் தானே அழித்துவிடுகிறது. எங்கள் ஊர்க் குளத்தின் பதிவேடு 2009 இடப்பெயர்வில் போய்விட்டது. வயது போனவர்களிடம் கேட்டுக் கேட்டு மறுபடி எழுதிய விபரம் இது. இரண்டாம் தரமும் தொலைக்க எனக்கு மனமில்லை.

நிரலின் உள்ளே பார்த்தால் காரணம் தெரிகிறது. பக்கத்தின் உரை ஒரு பொது மாறியில், அதாவது நிரல் முழுதுக்கும் பொதுவான ஒரு பெட்டியில் இருக்கிறது. நிரலின் எந்த மூலையும் அதை மாற்றலாம். ஓரிடத்தைத் தொட்டால் இன்னோரிடம் உடைகிறது. ஹாஸ்கெல் போன்ற பங்ஷனல் மொழியில் அடிப்படையே வேறு. உயர்தரக் கணிதத்தில் படித்த அதே சார்புதான்: ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை. பழைய பக்கத்தையும் திருத்தத்தையும் கொடுத்தால் புதிய பக்கம் வரும், பழையது அப்படியே இருக்கும். விக்கியின் வரலாறு என்பதே அதுதானே.

முதிரை:
தம்பி, அன்றிரவு தொலைந்தது நான் எழுதியது. சார்ஜ் முடியப்போகிற போனில் எழுதினேன். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. ஆனாலும் திருப்பி எழுதுவதை எதிர்க்கிறேன்.

பக்கத்தைத் திறக்கும்போதே பதிப்பு இலக்கத்தைப் படிவத்தில் மறைத்து வைக்க வேண்டும். சேமிக்கும்போது பைலைப் பூட்டி, இலக்கம் மாறியிருந்தால் "இடையில் வேறொருவர் திருத்திவிட்டார்" என்று இரண்டையும் காட்ட வேண்டும். பத்துப் பதினைந்து வரி. எந்த மொழியில் எழுதினாலும் இந்த வரிகள் தேவை. ஹாஸ்கெலில் எழுதிவிட்டால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் சேமிக்க மாட்டார்களா? பழையதை அழிப்பது வெறும் செட்டிங், நிறுத்தினால் சரி. துருசுக் கதவு இறுகினால் கதவைத்தான் திருத்துவோம், குளக்கட்டை வெட்டிவிட்டுப் புதுக்குளம் கட்டுவதில்லை.

இன்னொன்று. பேர்லை வாசிக்கக்கூடியவர்கள் எனக்குத் தெரிந்து இங்கே நாலு பேர். ஹாஸ்கெலுக்கு நீர் ஒருவர். நாளைக்கு உமக்குக் கொழும்பில் வேலை கிடைத்தால்?

பாலைப்பழம்:
அண்ணை, கடைசிக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மற்றதுக்கு இருக்கிறது. 2001இல் விக்கிப்பீடியா தொடங்கியபோது யூஸ்மொட்விக்கி என்ற பேர்ல் நிரலில்தான் ஓடியது. 2002 ஜனவரியில் பிஎச்பியில் புதிதாக எழுதிய நிரலுக்கு மாறினார்கள். அதே வருடம் ஜூலையில் அதையும் விட்டு இன்னொரு தரம் எழுதினார்கள், அதுதான் மீடியாவிக்கியாக வளர்ந்தது. ஒன்றரை வருடத்தில் இரண்டு தரம் மாறியிருக்கிறார்கள். பயந்திருந்தால் முடிந்திருக்குமா?

முதிரை:
அவர்களுக்கு ஆட்கள் குவிந்து சேர்வர் தாங்கவில்லை. நமக்கு மாரியில் ஒரு கிழமைதான் கூட்டம். அதே மீடியாவிக்கியின் பிந்திய கதையையும் பாரும். பார்சொயிட் என்ற பகுதி, விக்கி உரையைப் பிரித்து வாசிப்பது, ஜாவாஸ்கிரிப்டில் தனியாக இருந்தது. 2019இல் அதைப் பிஎச்பிக்குக் கொண்டுவந்தார்கள். மற்ற நிரல் முழுக்கப் பிஎச்பி என்பதால் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்றுதான். பராமரிக்கிறவர்கள் எங்கே இருக்கிறார்களோ, நிரலும் அங்கே போகிறது. நான் சொல்வதும் அதுதான்.

வீரைமரத்தடி:
நான் நிரல் எழுதுகிறவள் இல்லை, பக்கங்களை ஒழுங்குபடுத்துகிறவள். என்னுடைய பிரச்சினை ஒன்றைக் கேளுங்கள். கொக்குத்தொடுவாய்க்கு இரண்டு பக்கங்கள் இருக்கின்றன. தலைப்பில் ஒரு எழுத்து வித்தியாசமும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒன்றில் எழுதியதை மற்றதில் தேடி அரைநாள் போகிறது. "முத்தையன்கட்டுக்குளம் இடதுகரை வாய்க்கால்" என்று தலைப்பு வைத்தால் சேமிக்கவே விடுவதில்லை. ஹாஸ்கெலில் எழுதினால் இது தீருமா?

முதிரை:
தீராது. "கொ" என்பதை யூனிகோட் என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் இரண்டு விதமாக எழுதலாம்: க-வோடு ஒற்றை ொ குறி, அல்லது க, பிறகு ெ, பிறகு ா. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. எந்த விசைப்பலகை, எந்த மாற்றி என்பதைப் பொறுத்து இரண்டும் வரும். ஹாஸ்கெலின் உரை வகையும் குறியீடு குறியீடாகத்தான் ஒப்பிடும். இரண்டையும் ஒரே வடிவமாக்கி, அதாவது இயல்பாக்கிச் சேமிக்க வேண்டும், அதற்கான தொகுதி பேர்லோடு கூடவே வருகிறது. ஒரு வரி.

பாலைப்பழம்:
ஒரு வரிதான் அண்ணை, எத்தனை இடத்தில்? தலைப்பு படிவத்தால் வருகிறது, முகவரியால் வருகிறது, மற்றப் பக்கத்தின் இணைப்பால் வருகிறது, தேடலால் வருகிறது, பைல் பெயரால் வருகிறது. போன வருடம் நீங்களே படிவத்தில் அந்த வரியைப் போட்டீர்கள். இணைப்பில் விடுபட்டது. அக்காவின் இரண்டாவது பக்கம் அப்படித்தான் பிறந்தது.

இதனால்தான் மொழியைக் கேட்கிறேன். ஹாஸ்கெலில் "தலைப்பு" என்று தனி வகை செய்வேன். வெறும் உரையைத் தலைப்பாக்க ஒரே ஒரு வழி, அந்தச் சார்பு இயல்பாக்கித்தான் தரும். பக்கத்தைத் திறக்கிற, சேமிக்கிற, தேடுகிற எல்லாச் சார்பும் "தலைப்பு" மட்டும் வாங்கும். எங்காவது மறந்து வெறும் உரையைக் கொடுத்தால் நிரல் கம்பைல் ஆகவே மாட்டாது, ஓடத் தொடங்க முதலே பிழை காட்டும். என் ஞாபகசக்தியை நம்பத் தேவையில்லை, எனக்குப் பின் வருகிறவருடையதையும் நம்பத் தேவையில்லை. நான் கொழும்பு போனால் என்ன என்று கேட்டீர்கள், இது பாதிப் பதிலாவது ஆகும். உள்ளே எழுதுகிறவர் போடுகிற ஆபத்தான ஸ்கிரிப்டைத் தடுக்கவும் இதே வழிதான்: வடிகட்டாத உரை ஒரு வகை, திரைக்குப் போகக்கூடியது இன்னொரு வகை.

நீளத் தலைப்பும் அங்கேயே தீரும், அக்கா. லினக்ஸில் பைல் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகாது. தமிழ்க் குறியீடு ஒன்று 3 பைட். எங்கள் நிரல் ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக எழுதுவதால் 9 ஆகிறது. ஆக 28 குறியீடு தாண்டினால் முடிந்தது. புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடு என்பதால் முத்தையன்கட்டுக்குளம் மட்டுமே 21. பைல் பெயரையும் அந்தத் தலைப்பு வகை ஒரே இடத்தில் ஆக்கினால், சதவீதக் குறியை அங்கே விட்டுவிடலாம்.

முறிகண்டிக் கச்சான்:
ஹாஸ்கெலில் எழுதிய விக்கி ஏற்கெனவே இருக்கிறதே, கிட்டிட். பான்டொக் என்ற ஆவண மாற்றியை எழுதிய ஜோன் மக்பார்லேன் எழுதியது. பெர்க்லியில் மெய்யியல் பேராசிரியர் அவர். பக்கங்களைக் கிட் என்ற பதிப்புகளைக் காக்கிற நிரலில் வைப்பதால் எந்தப் பழைய பதிப்பும் அழியாது. ஏன் புதிதாக எழுத வேண்டும்?

பாலைப்பழம்:
பார்த்தேன். அது இயல்பாக மார்க்டவுன் எழுத்துமுறை. எங்கள் அட்டவணைக் குறிகள், வாய்க்கால் வரிசைக் குறிகள் எல்லாம் அந்தப் பழைய அண்ணை தானே உருவாக்கியவை. அதை வாசிக்கிற பகுதியை எப்படியும் நாங்கள்தான் எழுத வேண்டும்.

முதிரை:
தலைப்பு வகை விஷயத்தில் நீர் சொல்வது சரி. இணைப்பில் விட்டது என் பிழைதான். பேர்லில் நான் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இன்னொரு இடத்தில் விடுவேன்.

ஆனால் முழுதாக மாற்ற நான் இன்னும் சம்மதிக்கவில்லை. முதலில் அந்தக் குறிகளை வாசிக்கிற பகுதியை மட்டும் ஹாஸ்கெலில் எழுதும். எல்லாப் பக்கங்களையும் பழையதாலும் புதியதாலும் ஓட்டி, வருகிற எச்டிஎம்எல் இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் உள்ள ஒவ்வொரு பக்கத்தையும் இங்கே போடும். பக்கங்கள் சாதாரண உரைப் பைலாகவே இருக்கட்டும், நாளைக்கு எந்த மொழியும் திறக்கும். பதிப்பு இலக்கம் பார்க்கிற வரிகளை இன்றிரவே நான் பேர்லில் போடுகிறேன், அதற்கு ஹாஸ்கெலைக் காத்திருக்க முடியாது. மழை தொடங்குகிறது. தை முடியும்வரை சேர்வரில் வேறெதையும் தொட வேண்டாம்.

பாலைப்பழம்:
சம்மதம் அண்ணை. மாசியில் ஒப்பீட்டைப் போடுகிறேன். வீரை அக்கா, கொக்குத்தொடுவாய்ப் பக்கங்கள் இரண்டையும் அதுவரை ஒன்றாக்க வேண்டாம். சோதனைக்கு அப்படியே வேண்டும்.