ஆர்டி 350: இடது சிலிண்டர் ஸ்லோவில் நிற்கவில்லை, கார்புரேட்டர் பேலன்ஸ் செய்வது எப்படி?

மடிப்பாக்கத்தான்:
வணக்கம். அப்பா ஓட்டிய 86 மாடல் ஆர்டி 350 (ராஜ்தூத்தின் இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் வண்டி), லோ டார்க், அதாவது பவர் குறைந்த மாடல். ஆறு வருடம் படுதா போட்டே கிடந்தது, இப்போதுதான் எழுப்பியிருக்கிறேன். ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து இரண்டு கார்புரேட்டரையும் கழற்றிக் கழுவியாயிற்று. இரண்டாவது உதையில் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. என்ஜின் சூடானதும்தான் தொல்லை. கைவேலி சிக்னலில் நின்றால் வலது சைலன்சர் சீராக அடிக்கிறது. இடது பக்கம் கையை வைத்துப் பார்த்தால் ஒரு அடி வருகிறது, அடுத்த இரண்டு அடி காணோம். ஸ்லோ ஸ்க்ரூவை (ஆக்சிலேட்டரை விட்டதும் என்ஜின் எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்று வைக்கும் திருகு) ஏற்றினால் வலது கத்துகிறது. ஓட்டும்போது 3000 ஆர்பிஎம் பக்கத்தில் ஒரு உதறல், அதைத் தாண்டினால் சரியாகிவிடுகிறது.

மெக்கானிக் காதால் கேட்டே ட்யூன் செய்தார். வீடு வந்து சேர்வதற்குள் பழையபடி ஆகிவிட்டது. வலது பிளக் காபிப்பொடி நிறம், இடது வெளுத்திருக்கிறது. இரண்டு கார்புரேட்டரும் காற்றை இழுக்கும் அளவை ஒப்பிட்டுக் காட்டும், இரண்டு டயல் வைத்த வேக்குவம் கேஜ் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

குரோம்பேட்டை ஸ்பேனர்:
ரெண்டு ஏர் ஸ்க்ரூவையும் மெதுவா கடைசி வரை திருகி, ஒன்றரை சுற்று வெளியே விடுங்க ப்ரோ. அது போதும்.

மடிப்பாக்கத்தான்:
அதுதான் முதலில் செய்தது ப்ரோ. ஒரு மாற்றமும் இல்லை.

பழைய இரும்பு:
தம்பி, கேஜ் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். அதைச் சொருக இந்தக் கார்புரேட்டரில் ஓட்டையே கிடையாது. அதெல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்காரர்கள் சமாச்சாரம். நமக்கு பேலன்ஸ் என்றால் இரண்டு ஸ்லைடும் (கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கிக் காற்று வழியைத் திறந்து மூடும் உருளை) ஒரே உயரத்தில் உட்கார வேண்டும், ஆக்சிலேட்டரைத் திருகினால் ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் அதற்கு முன்னால் பிளாட்டினம் (பிளக்கில் தீப்பொறி எப்போது வர வேண்டும் என்று திறந்து மூடித் தீர்மானிக்கும் பாயிண்ட்) பாருங்கள். இந்த வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி பாயிண்ட், தனி காயில். ஒரு பக்கம் டைமிங் தவறினாலும் இதே நோய்தான் தெரியும், நீங்கள் அதைக் கார்புரேட்டரில் தேடிக்கொண்டிருப்பீர்கள். முதலில் பாயிண்ட் இடைவெளியை 0.35 மி.மீ. வையுங்கள். இடைவெளி மாறினால் டைமிங்கும் நகரும், அதனால் இந்த வரிசை மாறக்கூடாது. அப்புறம் பிளக் ஓட்டையில் பிஸ்டன் நகரும் தூரத்தை அளக்கும் டயல் கேஜ் போட்டு, பிஸ்டன் உச்சிக்கு 2 மி.மீ. இருக்கும்போது பாயிண்ட் திறக்கும்படி இரண்டு பக்கமும் தனித்தனியாக வையுங்கள்.

இப்போது ஸ்லைடு. ஏர் ஃபில்டர் ரப்பரைக் கழற்றிவிட்டால் கார்புரேட்டர் வாய் தெரியும். மேலே இருக்கும் இரண்டு கேபிள் அட்ஜஸ்டரையும் நன்றாகத் தளர்த்துங்கள். ஸ்லைடு ஸ்லோ ஸ்க்ரூவின் மேல் மட்டும் உட்கார்ந்திருக்க வேண்டும், கேபிள் இழுக்கவே கூடாது. ஒரே அளவில் இரண்டு டிரில் பிட் எடுத்து, வழவழப்பான காம்புப் பக்கத்தை ஸ்லைடுக்கு அடியில் கொடுங்கள். நீளமான பிட்டாக எடுங்கள், பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். உள்ளே விழுந்தால் அப்புறம் என்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். இரண்டு பிட்டும் ஒரே மாதிரி லேசாக உரசிக்கொண்டு வரும் அளவுக்கு ஸ்லோ ஸ்க்ரூவைத் திருகுங்கள்.

அடுத்தது கேபிள். ஸ்லைடு பிட்டைக் கவ்விப் பிடிக்கும்படி இரண்டு ஸ்லோ ஸ்க்ரூவையும் சமமாக, எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டு இறக்குங்கள். இப்போது ஆக்சிலேட்டரை எறும்பு ஊர்வது போலத் திருப்புங்கள். இரண்டு பிட்டும் ஒரே நொடியில் தொங்க வேண்டும். ஒன்று முன்னால் தொங்கினால் அந்தப் பக்கத்துக் கேபிளைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். உங்கள் 3000 உதறல் அநேகமாக இங்கேதான் இருக்கிறது. முடிந்ததும் ஸ்க்ரூவை எண்ணிய அளவுக்கே திரும்ப ஏற்றிவிடுங்கள்.

ஏர் ஸ்க்ரூ கடைசி வேலை. உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும், வெளியே விட்டால் குறையும். பாதிப்பேர் தலைகீழாக நினைத்துக்கொண்டு திருகுகிறார்கள்.

இதெல்லாம் முடியும்வரை ஓஎம்ஆரில் முறுக்க வேண்டாம். இடது பிளக் வெளுத்திருக்கிறது என்றால் அந்தப் பக்கம் பெட்ரோல் போதவில்லை, இல்லாவிட்டால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. இரண்டுமே பிஸ்டன் ஜாமில்தான் கொண்டு போய் விடும்.

புகைராஜா:
பழைய இரும்பு சார் சொன்னது எல்லாம் சரி. பிட் மட்டும் எனக்கு ஒத்துவராது. இரண்டு வாயிலும் ஒவ்வொரு விரல் வைத்தால் எது முன்னால் எழும்புகிறது என்று நகக்கண்ணிலேயே தெரிந்துவிடும். இன்னொன்று, ஆயில் பம்ப் கேபிளும் அதே ஆக்சிலேட்டரில்தான் தொங்குகிறது. கார்புரேட்டர் கேபிளில் கை வைத்தால் பம்ப் சரியாக நிற்கிறதா என்று காட்டும் மார்க்கையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பழைய இரும்பு:
பம்பை நான் சொல்லாமல் விட்டது தப்புதான். விரல் விஷயத்தில் உங்கள் விரல் இருபது வருடம் பழகியது ராஜா. தம்பிக்குப் பிட்டே இருக்கட்டும்.

மடிப்பாக்கத்தான்:
ஞாயிறு முழுக்க இதிலேயே போயிற்று. நடந்ததைச் சொல்கிறேன்.

டைமிங் இடது சரியாக இருந்தது, வலது கொஞ்சம் முந்தியிருந்தது, திருத்தினேன். பிட் போட்டுப் பார்த்ததில் வலது ஸ்லைடு நன்றாக எழும்பிய பிறகுதான் இடது அசையவே தொடங்கியது. அட்ஜஸ்டரில் சரி செய்ததும் 3000 உதறல் சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் சூடானதும் இடது மறுபடி அணைந்தது!

கடைசியில் கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பரைச் சுற்றிக் கார்ப் கிளீனரைக் கொஞ்சமாக அடித்துப் பார்த்தேன். வலதில் சத்தம் மாறவில்லை. இடதில் அடிப்பக்கம் பட்டதும் ஆர்பிஎம் குபுக்கென்று மாறியது. கழற்றி மடித்துப் பார்த்தால் ஒரு நகத்தின் நீளத்துக்கு வெடிப்பு. மடிக்காமல் பார்த்தால் கோடு கூடத் தெரியாது. மெக்கானிக் எத்தனை முறை ட்யூன் செய்தும் ஏன் நிற்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

புதுப்பேட்டையில் முதல் கடையில் வேறு வண்டியான ஆர்எக்ஸ் 100-இன் ரப்பரை எடுத்துக் கொடுத்து "இதேதான் சார்" என்றார்கள். நான்காவது கடையில்தான் சரியானது ஜோடியாகக் கிடைத்தது. மாட்டி, பேலன்ஸை மறுபடி முதலிலிருந்து செய்தேன். இப்போது எந்தப் பக்கத்துப் பிளக் கேப்பை எடுத்தாலும் மற்றது கிட்டத்தட்ட ஒரே மாதிரி இழுத்துப் பிடிக்கிறது. (எடுத்த கேப்பில் ஒரு பழைய பிளக்கைச் சொருகி என்ஜினில் எர்த் படும்படி வைத்துக்கொண்டேன், காயில் போய்விடும் என்ற பயம்.) சத்தம் கேட்டு அப்பா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "வலது கொஞ்சம் ஏத்தமா இருக்குடா" என்றார். கால் சுற்று இறக்கினேன். உள்ளே போய்விட்டார்.

ஒரு சந்தேகம் பாக்கி. வலதில் புகை இடதை விட வெள்ளையாக வருகிறதே?

பழைய இரும்பு:
காலையில் முதல் ஐந்து நிமிடம் என்றால் கவலை இல்லை, சைலன்சரில் தேங்கிய 2டி ஆயில் (பெட்ரோலோடு சேர்ந்து எரியும் டூ ஸ்ட்ரோக் ஆயில்) எரியும். சூடான பிறகும் வலதில் மட்டும் அடித்தால் கிளட்ச் பக்கத்துக் கிராங்க் சீல் (கியர் ஆயில் சிலிண்டர் பக்கம் வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போய்க் கியர் ஆயிலை இழுக்கிறது என்று அர்த்தம். கியர் ஆயில் அளவை இன்று குறித்து வையுங்கள். 200 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி பார்த்து எழுதுங்கள். குறைந்திருந்தால் என்ஜினை இறக்க வேண்டியிருக்கும், அதை வேறொரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.