கல்லங்குறிச்சி கல்லுல இருக்கறது ஆஸ்ட்ரகாடா, சிப்பிக் குஞ்சா?

கல்லுப்பொறுக்கி: நேத்து ஒருத்தர் அரியலூர் கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல்லுல 1 மி.மீ. சைஸ்ல அவரைக்கொட்டை மாதிரி ஒண்ண போட்டோ எடுத்து "ஆஸ்ட்ரகாட், நண்டு இறால் வகையறா, 7 கோடி வருஷம்"னு போட்டிருக்கார், கீழ சூப்பர் சார் சூப்பர் சார்னு ஒரே கூட்டம். பெருசு பண்ணிப் பாத்தீங்களா யாராவது? விளிம்பை ஒட்டி மூணு வரி ஓடுது. ஆஸ்ட்ரகாட் ரெண்டு ஓட்டுக்குள்ள இருக்கற பூச்சி, பாம்பு மாதிரி சட்டை உரிக்கற ஜாதி, பெருசாகறதுக்குள்ள 8 தடவை பழைய ஓட்டை கழட்டிட்டு புதுசு போடும், அதுல வளர்ச்சி வரி எங்கேருந்து வரும்? ஓட்டைக் கழட்டாம விளிம்புல சேத்துக்கிட்டே வளர்ற சிப்பிக் குஞ்சு அது.

நத்தைக்கூடு: "ஒருத்தர்" நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். அது வரி இல்ல, மேடு. ஆஸ்ட்ரகாட் ஓட்டு மேல முள்ளு, முண்டு, வலைப்பின்னல்னு எல்லாம் இருக்கும். ஒரு பக்கத்து ஓடு பெருசா இருந்து இன்னொண்ண கவ்விட்டு நிக்குதே, அது மட்டும் கண்ணுல படல.

கல்லுப்பொறுக்கி: கிரிஃபியான்னு பழைய கடல் சிப்பி, அதுக்கும் ஒரு ஓடு கிண்ணம், இன்னொண்ணு மூடி. அங்க கால் வெச்ச இடமெல்லாம் கிரிஃபியாதான். மூணு வரிக்கு பதில் சொல்லுங்க.

மண்வெட்டி: வரி இருந்தா கான்கோஸ்ட்ரக்காவா இருக்கலாமேண்ணா, அதுவும் ரெண்டு ஓடு வெச்ச இறால் வகையறாதான், ஆனா பழைய ஓட்டை கழட்டாம அது மேலயே சேத்துக்கிட்டு போகும்ல

கல்லுப்பொறுக்கி: தம்பி அது மழைக்குட்டைல கிடக்கறது. கல்லங்குறிச்சி கடல்ல படிஞ்ச கல்லு. குறுக்க வராதீங்க.

நத்தைக்கூடு: ஓட்டை மூடற தசை ஒட்டியிருந்த தழும்பு உள்பக்கம் தெரிஞ்சா முடிஞ்சுது கதை, ஆஸ்ட்ரகாடுக்கு ஒரு மாதிரி, சிப்பிக்கு வேற மாதிரி இருக்கும். கல்லு விட மாட்டேங்குது, வினிகர்ல ஊறப் போட்டிருக்கேன்.

கல்லுப்பொறுக்கி: வினிகரா!!! கல்லும் கால்சைட் ஓடும் கால்சைட், அதாவது சுண்ணாம்புச் சத்து, புளிப்புல ரெண்டும் சேந்துதான் கரையும். சாட்சியக் கொன்னுட்டு கேஸ் நடத்தறாராம். இதுக்குத்தான் போன வருஷமே சொன்னேன், லென்ஸ் வாங்கினவனெல்லாம் ஆராய்ச்சியாளன் இல்லன்னு.

மண்வெட்டி: 2020ல குன்னத்துல கிடைச்ச கல்லுருண்டைய டைனோசர் முட்டைன்னு சத்தியம் பண்ணது யாருண்ணா

கல்லுப்பொறுக்கி: ஊரே ஷேர் பண்ணுச்சு நானும் பண்ணேன், அன்னைக்கே அழிச்சாச்சு. அதுக்கும் இந்த மூணு வரிக்கும் என்ன சம்பந்தம்?

செந்துறைப்பொண்ணு: எங்க ஊர்க் கல்ல லாரி லாரியா சிமெண்டுக்கு அள்ளிட்டுப் போறாங்க, இங்க ஒரு மி.மீ.க்கு குடுமிப்பிடி. முதுகுப் பக்கத்துலேருந்து ஒரு போட்டோ போடுங்க சார், ரெண்டு ஓடும் சேர்ற இடம் தெரியட்டும்.

கல்லுப்பொறுக்கி: அப்படி எடுத்தா வரி மறைஞ்சிடும். நல்ல யோசனைம்மா.

நத்தைக்கூடு: வினிகர்லேருந்து எடுத்துட்டேன். பாதி போயிடுச்சு. மிச்சம் இருக்கற பாதில மேடு இன்னும் தெளிவா தெரியுது.

கல்லுப்பொறுக்கி: வரின்னு சொல்லுங்க.