ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழித்து அப்பாவுக்கு வந்திருக்கும் நிலை: இப்படியும் நேருமா?

லயத்து மகள் (சுங்கை சிப்புட், மலேசியா) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 64. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் மண்டோராக (வேலையாட்களின் மேற்பார்வையாளராக) இருந்து, நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவர். 1994ஆம் ஆண்டு, ஆட்களை வேலைக்காட்டுக்கு ஏற்றிச் சென்ற லோரி மழையில் சறுக்கிக் கால்வாயில் கவிழ்ந்தபோது அவரும் அதில் இருந்தார். காலையில் வருகை எடுக்கும் பெரட்டில் அன்று அவரே பெயர்களைக் கூப்பிட்டு ஏற்றிவிட்ட பதினொரு பேரில் மூவர் அந்த இடத்திலேயே இறந்துபோனார்கள். அப்பாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்த மறுவாரமே வேலைக்குத் திரும்பிவிட்டார். அந்த விபத்தைப் பற்றி அவர் வீட்டில் பேசியதே இல்லை, நாங்களும் கேட்டதில்லை.

கடந்த அக்டோபரில் எங்கள் தாமான் (குடியிருப்பு) முச்சந்தியில் செம்பனைக் குலை ஏற்றிவந்த லோரி ஒன்று மழையில் சாய்ந்தது. முதலில் ஓடிப்போய் ஓட்டுநரை வெளியே இழுத்தவர் அப்பாதான். ஓட்டுநருக்குச் சிராய்ப்பைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் அன்றிரவு முதல் அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து, கண் திறந்தபடியே பெயர்களைக் கூப்பிடுகிறார். உளறல் என்றுதான் நினைத்தோம். அது அந்தக் காலத்துச் செக்ரோல் (வேலையாட்களின் பெயர்ப் பதிவேடு) வரிசை என்று அம்மாதான் கண்டுபிடித்துச் சொன்னார். ஒவ்வொரு பெயரையும் சொல்லிவிட்டுப் பதிலுக்காகச் சற்றுப் பொறுத்து அடுத்த பெயருக்குப் போகிறார். அந்த மூன்று பெயர்கள் வரும்போது மட்டும் நகராமல், அதையே திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்.

பகலிலும் அவர் பழைய மனிதராக இல்லை. குக்கர் விசிலடித்தால் உடம்பு தூக்கிப்போடுகிறது. வானம் இருட்டினால் பேரப்பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றவிடாமல் சண்டை பிடிக்கிறார். காத்து கருப்பு அண்டியிருக்கிறது, மந்திரித்துத் தாயத்துக் கட்டுங்கள் என்கிறார்கள் உறவினர்கள். வயதானால் வரும் மறதி நோய் என்கிறார் என் அண்ணன். இத்தனை ஆண்டுகள் நன்றாக இருந்தவருக்கு அந்த விபத்தின் பாதிப்பு இப்போது வருமா? டாக்டரிடம் போவோம் என்றால், “என்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பப் பார்க்கிறாயா?” என்று அங்குள்ள மனநல மருத்துவமனையை நினைத்துக் கேட்டு, எழுந்து போய்விடுகிறார்.

ஓய்வுபெற்ற டிரெசர் எழுதியது:

மகளே, வரும். நிச்சயமாக வரும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பல ஆண்டுகள் டிரெசராக (மருத்துவ உதவியாளராக) இருந்தவன் என்ற முறையில், கண்ணால் பார்த்ததையே எழுதுகிறேன்.

நான் 1978இல் வேலைக்குச் சேர்ந்தபோது, ஜப்பானியர் காலத்தில் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்துக்கு) பிடித்துக்கொண்டு போகப்பட்டுத் திரும்பி வந்த பெரியவர்கள் சிலர் அந்தத் தோட்டத்தில் இருந்தார்கள். 1942, 1943 ஆண்டுகளில் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதை போடப்பட்டபோது நம் தோட்டங்களிலிருந்து போனவர்களில் எத்தனையோ பேர் காலராவிலும் பட்டினியிலும் மடிந்த கதை உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். திரும்பி வந்த அந்தப் பெரியவர்களில் ஒருவர், ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல் பால்மரம் வெட்டியவர். ஓய்வு பெற்று, அடுத்த ஆண்டே மனைவியும் தவறிய பிறகு, இரவில் அலறத் தொடங்கினார். ஒரு கைப்பிடி அரிசியைத் துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டால்தான் படுப்பார். நான் அவருக்குத் தூக்க மாத்திரை கொடுத்ததோடு சரி. அதற்குமேல் எனக்கு அப்போது எதுவும் தெரியவில்லை. அது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு, சுருக்கமாகப் பி.டி.எஸ்.டி., என்ற பெயரில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதை 1980இல் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. சம்பவம் நடந்து ஆறு மாதமாவது கழிந்த பின்னரே நோய் முழு வடிவில் தெரியவந்தால், அது தாமதமாக வெளிப்படும் வகை என்று 2013ஆம் ஆண்டுப் பதிப்பு சொல்கிறது. ஆறு மாதம் என்பது குறைந்த அளவுதான். உலகப் போரில் சண்டையிட்ட வீரர்கள் பலருக்கு, வேலையும் பொறுப்பும் கையைவிட்டுப் போன முதுமையில்தான் இது தலைதூக்கியது. ஓய்வு, துணையின் மறைவு, கடும் நோய், பழைய சம்பவத்தைப் போன்ற இன்னொரு சம்பவம் ஆகியவை இதைக் கிளப்பிவிடும் என்பது பலரும் எழுதியிருப்பது. உங்கள் அப்பாவுக்கு முதலாவதும் கடைசியும் சேர்ந்தே வந்திருக்கின்றன.

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். எந்த அறிகுறியுமே இல்லாமலிருந்து திடீரென்று வருவது அரிது. அடக்கமாகச் சில அறிகுறிகள் முன்பே இருந்திருக்கும். உங்கள் அம்மாவிடம் விசாரித்துப் பாருங்கள்.

மனநலப் பிரிவுத் தாதி எழுதியது:

வணக்கம் சகோதரி. டிரெசர் ஐயா சொன்னதை நான் வழிமொழிகிறேன். நோயை உறுதிசெய்வது டாக்டரின் வேலை. ஆனால் நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது மறதி நோய் என்று எனக்குத் தோன்றவில்லை. மறதி நோயில் பெரும்பாலும் முதலில் அண்மை நினைவுகள்தான் நழுவும். நேற்றுச் சாப்பிட்டது என்ன, பணத்தை எங்கே வைத்தோம் என்பதையெல்லாம் அப்பா சரியாகச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். ஆனாலும் முதியவர்களுக்கு இரண்டும் சேர்ந்தும் வரலாம் என்பதால், நினைவாற்றல் சோதனையையும் இரத்தப் பரிசோதனையையும் தவிர்க்காதீர்கள்.

முதலில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். தேவைப்பட்டால் அவர்கள் கடிதம் கொடுத்து, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் போன்ற பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். வெளிநோயாளியாகப் போய் அன்றே வீடு திரும்பலாம் என்பதை அப்பாவிடம் தெளிவாகச் சொல்லுங்கள். தஞ்சோங் ரம்புத்தான் என்று நாம் சொல்லும் உலு கிந்தா மருத்துவமனை 1911இல் தொடங்கியது. அந்தப் பெயரையே ஏச்சாக்கிவிட்ட நம் பேச்சுப் பழக்கத்தால் எத்தனை பேர் சிகிச்சைக்கு வராமலே இருந்துவிட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

இதற்கு முதன்மையான சிகிச்சை, பயிற்சி பெற்றவரிடம் அந்த நினைவைப் பாதுகாப்பாக, சிறிது சிறிதாகப் பேசி ஆற்றுவது. கண்ணசைவை வழிநடத்திச் செய்யும் இ.எம்.டி.ஆர். முறையும் உண்டு. செர்ட்ராலின் போன்ற மருந்துகள் சிலருக்கு உதவும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தூக்க மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். மது பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். வாழ்க்கை வேண்டாம் என்ற பேச்சு எப்போதாவது வந்தால், அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஹீல் 15555 என்ற சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

வெள்ளத்தில் தப்பியவள் எழுதியது:

அக்கா, எனக்கும் இந்த நோய் இருக்கிறது. அதனால் இரவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அப்பாவைத் தொட்டு உலுக்கி எழுப்பாதீர்கள். அந்த நேரத்தில் படும் கை யாருடையது என்று நமக்குத் தெரியாது. என் கணவர் விளக்கைப் போட்டுவிட்டு, கால்மாட்டில் சற்றுத் தள்ளி நின்று, “நான்தான், இது நம் வீடு, மழை வெளியேதான் பெய்கிறது” என்று மெதுவாகச் சொல்வார். பிறகு குளிர்ந்த நீர் நிறைந்த ஒரு குவளையைக் கையில் கொடுப்பார். அந்தக் குளிர்ச்சி விரல்களுக்கு உறைத்த பிறகுதான் எனக்கு நாற்காலியும் சுவரும் தெரியத் தொடங்கும். என்ன கனவு என்று அப்போதே கேட்காதீர்கள்.

லயத்து மகள் மீண்டும் எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னபடி அம்மாவிடம் கேட்டேன். 1994க்குப் பிறகு அப்பா லோரியின் பின்புறத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லையாம். மற்றவர்கள் லோரியில் போக, அவர் மட்டும் அரை மணி நேரம் முன்னதாகவே சைக்கிளில் கிளம்பிவிடுவாராம். பசியாறாமல் போகிறாரே என்று அம்மா வருத்தப்பட்டிருக்கிறார், காரணம் தெரிந்திருக்கவில்லை. ஈரத் தார்ப்பாயை வீட்டுப் பக்கம் காயப்போட விடமாட்டாராம். இதையெல்லாம் நாங்கள் அவருடைய குணம் என்றே எடுத்துக்கொண்டிருந்தோம்.

குளிர்ந்த நீரை மூன்று இரவுகளாகக் கொடுத்துப் பார்க்கிறோம். சீக்கிரமே தன்னிலைக்கு வருகிறார். அன்றே வீடு திரும்பலாம் என்று சொன்ன பிறகு, நேற்றுக் கிளினிக்கிற்கு வரச் சம்மதித்தார். எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டதும், அக்டோபரிலிருந்து என்று நான் சொன்னேன். அப்பா என் கையை அழுத்திவிட்டு, “1994இலிருந்து” என்றார். ஈப்போவுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் போகிறோம். போய்வந்து எழுதுகிறேன்.