அப்பாவுக்கு நுரையீரலில் 7 மி.மீ. நோடியூல் (சின்னக் கட்டி), உடனே பெட் ஸ்கேன் எடுக்கணுமா?

செம்பூர்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 63 வயது, தாராவியில் தோல் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர், பீடியை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. போன மாதம் எங்கள் ஏரியாவில் டிபி முகாம் போட்டார்கள். கேமரா மாதிரி கையில் தூக்கிவரும் எக்ஸ்ரே மெஷின், படம் எடுத்த சில நிமிஷத்தில் கம்ப்யூட்டரே வலது பக்கம் மேலே ஓர் இடத்தைச் சிவப்பாகக் காட்டிவிட்டது. சளி டெஸ்டில் டிபி இல்லை. அப்புறம் சிடி ஸ்கேன் எடுத்தோம், வலது மேல் மடலில் 7 மி.மீ. திட நோடியூல் என்று ரிப்போர்ட். ஸ்கேன் சென்டரில் இருந்தவர் இப்போதே பெட் ஸ்கேனும் எடுத்துவிடுங்கள் என்கிறார், 18,000 ரூபாயாம். இருமல் இல்லை, எடை குறையவில்லை. நெஞ்சு டாக்டர் அடுத்த வியாழன்தான் பார்ப்பார். அதுவரை அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள் போலிருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டார்க்ரூம் அண்ணன்:
தம்பி, நான் டாக்டர் இல்லை, 22 வருஷமாக எக்ஸ்ரே, சிடி எடுக்கிற டெக்னீஷியன். கெமிக்கலில் ஃபிலிம் கழுவிய காலத்து ஆள்.

முதலில் அந்தச் சிவப்பு அடையாளம். அந்த சாஃப்ட்வேர் நோயைச் சொல்வதில்லை, இந்தப் படத்தை விடாதே என்றுதான் சொல்கிறது. 2021-ல் உலக சுகாதார நிறுவனமே 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு டிபி இருக்குமோ என்று சலித்தெடுக்க இதைப் பயன்படுத்தலாம் என்று சொல்லிவிட்டது (இதில் பேர் வாங்கிய க்யூர் ஏஐ நம்ம மும்பைக் கம்பெனிதான்). ஆனால் சல்லடைக் கண்ணைச் சின்னதாக வைத்தால் கல்லோடு நல்ல அரிசியும் மேலே நிற்கும்.

அடுத்து பெட். அதில் சர்க்கரை மாதிரி ஒரு மருந்தை ஊசியில் ஏற்றி, எந்த இடம் அதை அதிகமாக உறிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். சுமார் 8 மி.மீ.க்குக் கீழே போனால் புற்றே இருந்தாலும் ஒளிராமல் போகலாம். அதனால்தான் நெஞ்சு ஸ்கேன் நிபுணர்களின் சங்கமான ஃப்ளைஷ்னர் சொசைட்டியின் 2017 வழிகாட்டியில் 6 முதல் 8 மி.மீ. வரை உள்ள ஒற்றைத் திட நோடியூலுக்கு 6 முதல் 12 மாதம் கழித்து மறுபடி சிடி என்று இருக்கிறது, பெட் பேச்சு 8-ஐத் தாண்டிய பிறகுதான். ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன்: பீடி, வயது, மேல் மடல் எல்லாமே ஆபத்துக் கணக்கில் சேரும். ஆகவே வியாழக்கிழமையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நடுவில் சளியில் ரத்தம் வந்தால் வியாழன் வரைக்கும்கூடக் காத்திருக்காதீர்கள்.

லோக்கல் ட்ரெயின்:
ஒரு சிடி 400 எக்ஸ்ரேக்குச் சமம் ப்ரோ. ஸ்கேன் எடுத்தே கேன்சரை வரவழைப்பார்கள். விட்டுவிடுங்கள்.

டார்க்ரூம் அண்ணன்:
இந்த வாட்ஸ்அப் கணக்கு இன்னும் ஓடுகிறதா? சாதாரண நெஞ்சு சிடி சுமார் 7 மில்லிசீவர்ட் (உடம்பில் ஏறும் கதிர்வீச்சின் அளவு), குறைந்த டோஸில் எடுத்தால் 1.5 அளவில் முடிந்துவிடும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சும்மா இருக்கும்போதே வருஷத்துக்கு உலகச் சராசரியாக 2.4 நம் உடம்பில் ஏறுகிறது. 63 வயதுக்காரருக்கு இது பயப்படும் கணக்கே இல்லை. தம்பி, அடுத்த முறை குறைந்த டோஸ் போதுமா என்று மட்டும் டாக்டரைக் கேளுங்கள்.

மாட்டுங்கா மாமி:
என் வீட்டுக்காரருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவருக்கு 2 செ.மீ. இருந்தது, பெட்டில் தீபாவளி மத்தாப்பு மாதிரி எரிந்தது, ஆஸ்பத்திரிப் பெயர் வேண்டாம், அங்கே ஒருவர் வராந்தாவில் நின்றபடியே கேன்சர்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தால் டிபி! ஆறு மாதம் மாத்திரை, இப்போது கீழே இறங்கிப் பூ வாங்கி வருகிறார். டிபி அழற்சியும் அந்தச் சர்க்கரையை உறிஞ்சுமாம், பெரியவர்களுக்கு அதுவும் பெரும்பாலும் மேல் மடலில்தான் வருமாம். டிபி மண்டிக் கிடக்கிற நம்ம ஊரில் பெட் எரிந்தாலே புற்று என்று நினைத்துவிட முடியாது. அது சரி தம்பி, கொரோனா நேரத்தில் எல்லோரும் ஹெச்ஆர்சிடி (நுரையீரல் சிடி) எடுக்க ஓடினோமே, அப்பாவுக்கு எடுக்கலையா?

செம்பூர்வாசி:
மாமி, உங்களுக்குக் கோடி நன்றி. 2021 ஏப்ரலில் எடுத்திருக்கிறோம்! பரணில் தேடினேன், மழையில் நனைந்த கவருக்குள் ரிப்போர்ட்டும் படம் பதிந்த ஒரு குறுந்தட்டும் இருந்தன. கொரோனா மார்க் 25-க்கு 8 என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, கடைசி வரியில் "வலது உச்சியில் பழைய தழும்பும் சிறு நோடியூலும்" என்று இருக்கிறது. அன்றைக்கு அந்த வரியை யாரும் படிக்கவே இல்லை. அளவும் போடவில்லை.

டார்க்ரூம் அண்ணன்:
பதினெட்டாயிரத்தை விட அந்தத் தட்டுக்கு மதிப்பு அதிகம். ஃபிலிமை வைத்து அளக்க முடியாது, தட்டில் உள்ள மெல்லிய வெட்டுகளைத்தான் புதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். இரண்டையும் ஒரே ரேடியாலஜிஸ்ட் (ஸ்கேன் படிக்கிற டாக்டர்) அளப்பது நல்லது. அன்றைக்கு 6, இன்றைக்கு 7 என்று வந்தால் பதறாதீர்கள், 2 மி.மீ. கூடினால்தான் வளர்ச்சி என்று எடுத்துக்கொள்வார்கள். அதே சமயம் கண்ணளவை நம்பி வளரவில்லை என்றும் முடிவு கட்டாதீர்கள். கன அளவு இரண்டு மடங்கானாலும் விட்டம் 26 சதவீதம்தான் கூடும், 7 மி.மீ. 8.8 ஆகும், அவ்வளவுதான். இப்போது கன அளவையே அளக்கிற சாஃப்ட்வேர் இருக்கிறது, இருக்கிறதா என்று கேளுங்கள். திட நோடியூல் இரண்டு வருஷத்துக்கு மேல் அப்படியே இருந்தால் பெரும்பாலும் பழைய தழும்புதான். மங்கலான கண்ணாடி மாதிரித் தெரிகிற வகைக்கு இந்தக் கணக்கு ஆகாது, அதை ஐந்து வருஷம் வரை பார்ப்பார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் திடம் என்று தெளிவாக இருக்கிறது.

செம்பூர்வாசி:
அண்ணே, லேப்டாப்பில் தட்டுப் போடுகிற இடமே இல்லை. சென்டரில் கேட்டால் பழைய படத்தை அழித்துவிட்டோம் என்கிறார்கள். தட்டில் வேறு கீறல்.

90 அடி ரோடு:
என்னிடம் பழைய டெஸ்க்டாப் இருக்கிறது, டிரைவ் கொஞ்சம் முனகும், ஆனால் படிக்கும். கடை ராத்திரி பத்து வரைக்கும் திறந்திருக்கும். பென் டிரைவ் ஒன்று கொண்டுவாருங்கள், மெல்லத் துடைத்துப் போட்டுப் பார்ப்போம்.