வாத்தியத்தை எடுத்ததும் தாளம் ஓடுகிறது, என்ன செய்வது?

பள்ளி பேண்டு:
ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள். கிளாரினெட், டிரம்பெட், சைடு டிரம். போர்டில் எழுதிப்போட்டால் சரியாகக் கைதட்டுகிறார்கள். ஊத ஆரம்பித்ததும் குவேவரில் (அரை அடி நோட்டு) ஓட்டம், மினிம் (இரண்டு அடி நோட்டு) பாதியில் அறுந்துபோகிறது. மெட்ரோனோமையும் (வேகம் காட்டும் டிக்-டிக் கருவி) தாண்டிப் போகிறார்கள். எங்கே ஆரம்பிப்பது?

ரீடு நம்பர் 2:
சார், கைதட்டு நோட்டின் தொடக்கத்தை மட்டும்தான் காட்டும், நீளத்தைக் காட்டாது. அதனால்தான் மினிம் அறுகிறது. தட்டுவதற்கு முன் வாயால் சொல்ல வையுங்கள். குரோட்செட்டுக்கு (ஒரு அடி நோட்டு) ‘தா’, இரண்டு குவேவருக்கு ‘தக’, நான்கு செமிகுவேவருக்கு (கால் அடி நோட்டு) ‘தகதிமி’, டிரிப்லெட்டுக்கு (ஒரு அடியில் சமமாக மூன்று நோட்டு) ‘தகிட’. மினிமுக்கு ‘தாஆ’ என்று இழுத்து, மூன்றாம் அடி விழும் அந்த இடத்தில்தான் நிறுத்த வேண்டும். இரண்டாம் அடியோடு விடுவதுதான் வழக்கமான தப்பு.

அடுத்து, அதே ரிதத்தை ஒரே சுரத்தில் ஊத வையுங்கள். கிளாரினெட்டுக்கும் டிரம்பெட்டுக்கும் நடு ‘சி’ எழுதினால் இரண்டிலும் ஒரே ஒலி வரும். விரல் மாற்றும் வேலை இல்லாததால் கவனம் தாளத்திலேயே நிற்கும். பாட்டின் சுரங்கள் கடைசியில்தான்.

குவேவர் ஓடுகிறது என்றால் நாக்கைப் பாருங்கள். ஒவ்வொரு நோட்டுக்கும் புதிதாக மூச்சைத் தள்ளும் பிள்ளையால் சீராக வாசிக்கவே முடியாது. காற்று ஒரே இழையாகப் போக வேண்டும், நாக்கு ‘டு டு’ என்று தொட்டு விலகினால் போதும்.

பாஸ் டிரம்:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. ‘தா’, ‘தக’ என்ற சொற்கட்டு மட்டும் போதாது, பாரில் (அடிகளைப் பிரிக்கும் ஒரு கட்டம்) எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை அது சொல்லாது. அதே வரியை ‘ஒன் அண்டு டூ அண்டு’ என்றும் சொல்ல வையுங்கள். முக்கியமாக ரெஸ்டில் (ஒலி இல்லாத இடைவெளி): அங்கே வாய் மூடினால் எண்ணிக்கையும் நின்றுவிடும். உள்ளங்கையை வெளியே திருப்பி, எண்ணைச் சத்தமாகச் சொல்லட்டும்.

மெட்ரோனோம் விஷயம் எளிது: எல்லோரும் ஊதும்போது அது காதில் விழாது. பாதிப் பேர் ஊதட்டும், மீதிப் பேர் நின்ற இடத்தில் மார்க் டைம் (நகராமல் கால் மாற்றி மிதிப்பது) போட்டுக்கொண்டு எண்ணட்டும், பிறகு மாற்றிக்கொள்ளட்டும். உட்கார்ந்து பாதம் தட்டச் சொல்லாதீர்கள். தொடக்கநிலையில் பாதம் விரலின் பின்னால்தான் போகும். மார்க் டைமில் உடம்பின் எடையே மாறுவதால் அவ்வளவு சுலபமாக ஓட முடியாது. முதல் அடி இடது காலில். நிமிடத்துக்கு 60-இல் தொடங்கி, தப்பில்லாமல் மூன்று முறை வந்தால் 4 கூட்டுங்கள். 120 அணிவகுப்பு வேகம், அதற்கு அவசரம் வேண்டாம்.

பள்ளி பேண்டு:
நன்றி. டாட்டட் குரோட்செட்டும் (புள்ளி வைத்தது, ஒன்றரை அடி) குவேவரும் வரும் இடத்தில் எல்லோரும் குவேவரை முன்னாலேயே ஊதுகிறார்கள்.

ரீடு நம்பர் 2:
புள்ளியை முதலில் காட்டாதீர்கள். நான்கு குவேவர் எழுதி ‘தக தக’ ஊதட்டும். பிறகு முதல் மூன்றையும் டை (நோட்டுகளை ஒன்றாக்கும் வளைகோடு) போட்டு இணையுங்கள்: ‘தாஅஅ க’. சைடு டிரம் மட்டும் நான்கையும் தொடர்ந்து அடிக்கட்டும், கடைசி ‘க’வை டிரம்மோடு சேர்த்து ஊதினால் போதும். அது நிலைத்த பிறகு டையை அழித்துப் புள்ளி வையுங்கள்.