நீர்மூழ்கிப் பயிற்சியில் இருக்கும் பிள்ளைகள்: பெற்றோரின் அனுபவப் பகிர்வு

தென்காசி அம்மா:
ஒடிசாவிலுள்ள சில்கா கடற்படைப் பயிற்சி நிலையத்தில் முதற்பயிற்சி முடித்த என் மகன், தானே விருப்பம் எழுதிக் கொடுத்து நீர்மூழ்கிப் பிரிவுக்குப் போனான். இப்போது விசாகப்பட்டினத்தில் கடற்படையின் நீர்மூழ்கிப் பயிற்சிப் பள்ளியான சாதவாகனாவில் இருக்கிறான். மற்றவை உங்களுக்குத் தெரிந்தவைதாம். என் மனத்தை விட்டு அகலாமல் நிற்பது ஒரு தொலைபேசி அழைப்பு. விபத்துக்குள்ளான நீர்மூழ்கியிலிருந்து தப்பி வெளியேறுவதை நீர் நிரப்பிய கோபுரத்தில் பழக்கும் பயிற்சி முடிந்த அன்று மாலை அழைத்தவன், "காது இன்னும் அடைச்ச மாதிரியே இருக்கும்மா, கொஞ்சம் சத்தமாப் பேசுங்க" என்றான். நான் குரலை உயர்த்த, பக்கத்து அறையிலிருந்த என் மாமனார், "பிள்ளையை எதுக்கும்மா திட்டுற?" என்று கேட்டார். சாப்பாடு, தூக்கம், ஊர்த் திருவிழா என்று எல்லாவற்றையும் பேசினோம். பயமாக இருந்ததா என்பதை மட்டும் நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. உங்களில் யாராவது அதைக் கேட்டதுண்டா?

காரைக்குடி அப்பா:
கேட்காமல் விட்டதே நல்லது, சகோதரி. மகனைப் பார்க்கப் போயிருந்தபோது ராமகிருஷ்ணா கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் குர்சுரா என்ற பழைய நீர்மூழ்கிக்குள் நானும் மனைவியும் சென்றோம். 1969 முதல் 2001 வரை கடலில் உழைத்த கப்பல் அது. 91 மீட்டர் நீளம் வெளியிலிருந்து பெரிதாகத்தான் தெரிந்தது; உள்ளே போனால், ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குச் செல்ல வட்டத் திறப்பில் முதலில் காலை விட்டு, பிறகு தலையைத் தாழ்த்தி உடலை நுழைக்க வேண்டியிருந்தது. வழிகாட்டியாக இருந்த முன்னாள் மாலுமி, எங்கள் மகனைப் பற்றி அறிந்ததும் மற்றவர்களை முன்னே போகவிட்டு, என் கையைப் பிடித்து ஒரு வால்வுச் சக்கரத்தின்மேல் வைத்தார். பெயிண்ட் பூசிப் பூசித் தடித்துப்போன சில்லென்ற இரும்பு. "கண்ணை மூடிக்கிட்டு இதைத் தேடிப் பிடிக்கணும் சார். விளக்கு அணைஞ்சாலும் உங்க பையன் கை தானா இங்க வரணும், அதுக்குத்தான் இந்தப் படிப்பு" என்றார். அன்றிலிருந்து நான் அவனிடம் பயத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை, பாடத்தைப் பற்றி மட்டுமே கேட்கிறேன்.

மதுரை தாய்மாமன்:
காரைக்குடி ஐயாவின் கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. என் தங்கை மகன், சளி பிடித்திருந்ததை மறைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கத் தயாராக இருந்தான். கூடப் பயில்பவர்களைவிடப் பின்தங்கிவிடுவோமோ என்ற பயம்தான் காரணம். முந்தின இரவு என் தங்கை விடாமல் கேட்டதால்தான் உண்மையைச் சொன்னான், மறுநாள் மருத்துவ அதிகாரியிடமும் போனான்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும். நீரில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 2024 செப்டம்பரில் சாதவாகனாவில் தொடங்கப்பட்ட விநேத்ரா பயிற்சி வளாகத்தின் கோபுரம் ஐந்து மீட்டர்தான் என்றாலும், அரை வளிமண்டலம் கூடுவதே செவிப்பறையை உள்நோக்கித் தள்ளப் போதுமானது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழல் திறந்து இருபுறமும் அழுத்தம் சமமாகும். சளி அடைத்திருந்தால் அது திறக்காது, செவிப்பறை கிழியவும் கூடும். ஆகவே, "சமாளித்துக்கொள்" என்று எந்தப் பெற்றோரும் சொல்லக் கூடாது. கைவைத்திய மருந்துகளைப் பொட்டலம் கட்டி அனுப்பவும் கூடாது.

இன்னொன்று, குடும்ப வாட்சப் குழுக்கள். தகவல் கசிவு வழக்கில் மாலுமிகள் கைதான பிறகு, 2019 டிசம்பரில் கடற்படை தன் தளங்களிலும் கப்பல்களிலும் ஸ்மார்ட்போனையும் ஃபேஸ்புக்கையும் தடை செய்தது. பிள்ளை அதற்குக் கட்டுப்பட்டு இருக்கும்போது, அவன் எந்தக் கப்பலுக்குப் போகிறான், என்று புறப்படுகிறான் என்பதைச் சித்தப்பா பெருமையாகப் பகிர்ந்தால் என்ன பயன்? சீருடைப் படத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுங்கள், அது போதும்.

திசையன்விளை அம்மா:
நான் விஜயநாராயணம் வழியாகப் பேருந்தில் அடிக்கடி போகிறவள். அங்கே 1990இல் தொடங்கப்பட்ட கடற்படையின் கட்டபொம்மன் நிலையம் இருப்பது சிறு வயதிலேயே தெரியும். எதற்கென்று ஒருநாளும் நான் நினைத்துப் பார்த்ததில்லை. விடுப்பில் வந்த மகன்தான் ஒருநாள் பேருந்துச் சன்னல் வழியாகக் கோபுரங்களைக் காட்டி, நீருக்கடியில் இருக்கும் கப்பல்களுக்கு மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் செய்தி போவது இங்கிருந்துதான் என்றான். சாதாரண வானொலி அலை கடல்நீரில் சிறிது ஆழத்திலேயே அடங்கிவிடுமாம். இந்த அலைதான் பல மீட்டர் உள்ளே போகுமாம். "அப்போ நீ பதில் சொல்லலாமா?" என்று கேட்டேன். "இதுல முடியாதும்மா, இவ்வளவு பெரிய கம்பத்தைக் கப்பல்ல தூக்கிட்டுப் போக முடியுமா? நாங்க கேட்டுக்குவோம், அவ்வளவுதான்" என்றான். பின்னாளில் அவனிடமிருந்து வாரக்கணக்கில் பேச்சே இல்லாமல் போனபோது, இந்தப் பதில்தான் என்னைத் தாங்கியது.

கோவை அப்பா:
மதுரை அன்பர் சொன்னவை சரியானவை. ஆனால் பாதியில் திரும்பிவருகிற பிள்ளைகளைப் பற்றி யாரும் எழுதவில்லையே. என் மகனுக்குக் காது ஒத்துழைக்கவில்லை. மேற்பரப்புக் கப்பலுக்கு மாற்றப்பட்டு, அங்கே நல்ல பெயரோடு வேலை செய்கிறான். ஒரு திருமண வீட்டில் உறவினர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும், "நல்லவேளை, தப்பிச்சான்" என்று சொல்லிவிட்டு, 2013இல் மும்பையில் சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து 18 பேர் இறந்ததை விவரிக்கத் தொடங்கினார். பந்தியில் எதிரே அமர்ந்திருந்த என் மகன், இலையில் கை வைத்தபடியே, "அவங்க தப்பிக்கத் தெரியாதவங்க இல்ல மாமா" என்று மட்டும் சொன்னான். விரும்பிப் போன ஒன்று கைநழுவியவனிடம் எவரும் பேசக்கூடாத பேச்சு அது. அன்றே அவரைத் தனியே அழைத்து அதைச் சொன்னேன்.

சேலம் அம்மா:
தென்காசிச் சகோதரிக்கு: நான் கேட்டேன். விடுப்பில் வந்திருந்த மகன், கூடத்துத் தரையில் பெரிய தாளை விரித்து, கப்பலின் பொதுவான குழாய் அமைப்பை நினைவிலிருந்து வரைந்துகொண்டிருந்தான். காற்று அழுத்தக் குழாய் ஒரு நிறம், எண்ணெய் வேறு நிறம், கடல்நீர் இன்னொன்று. தேர்ச்சி பெற்ற நீர்மூழ்கி வீரருக்கு உரிய டால்பின் சின்னத்தை மார்பில் குத்திக்கொள்வதற்கு முன், எல்லாப் பகுதிகளையும் இப்படித் தேர்வு நடத்துபவர்களிடம் ஒப்பிக்க வேண்டுமாம். தங்கை அவனுக்குப் பென்சில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கோபுரப் பயிற்சியில் பயமாக இருந்ததா என்று கேட்டதும் நிமிராமலேயே, "உள்ள போனதும் இல்லம்மா, வெளியே வரிசையில நின்னப்பதான்" என்றான். பிறகு அரை மணி நேரம் தானாகவே பேசினான், நான் எதுவும் கேட்கத் தேவையிருக்கவில்லை. ஆகவே தாராளமாகக் கேளுங்கள். ஆனால் தொலைபேசியில் வேண்டாம், அவன் கைக்கு ஏதேனும் வேலை இருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.